கன்றீன்ற பசுவும் கருப்பை நுண்ணுயிர்களும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருக்குப் பசுவின் கருப்பையைப் பற்றிய பிரசுரம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் கமக்காரருட் பலர் வீட்டுக் கோடியிலே ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டி வளர்த்து வருகின்றனர். பால் அன்றாடச் செலவுக்கு உதவுகின்றது. எரு வெங்காயத் தறைக்கும் கத்தரித் தோட்டத்துக்கும் போகின்றது. சூடடித்த பின் மிஞ்சும் வைக்கோல் வீணாகாமற் பாலாகின்றது. ஆயினும் இந்த நன்மைகளெல்லாம் பசு ஒழுங்காகக் கன்று ஈனும் வரைக்குமே உண்டு. சினைப்படாத பசு வற்றிய மடியோடு வைக்கோலைத் தின்றுகொண்டு நிற்கும். ஈற்றில் மாட்டு வியாபாரியின் கையிற் போய்ச் சேரும். அவ்வாறு போகும் பசுக்களுள் எல்லாமே மலட்டுப் பசுக்கள் அல்ல. கன்று ஈன்ற முதல் மூன்று நான்கு கிழமைகளிலே கருப்பையில் நேர்ந்த கேட்டினைக் காலத்தில் அறியாது விட்டமையால் மலடுபோலத் தோன்றும் நல்ல பசுக்களும் அவற்றுள் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன்பு வலிகாமத்துச் செம்மண் தோட்டம் ஒன்றுக்கு வெங்காயத்தில் விழுந்த நோயைப் பார்ப்பதற்காகச் சென்றிருந்தேன். நோயைப் பார்த்து முடிந்தபின், தோட்டத்துக்குரியவர் கொட்டிலில் நின்ற ஜேர்சிக் கலப்புப் பசுவைக் காட்டி, "இது இரண்டாங் கன்றோடே மலடாய்ப் போயிற்று. வாற கிழமை வியாபாரி வந்து கொண்டுபோவார்" என்றார். கன்று ஈன்று ஐந்து மாதங்கள். மூன்றுமுறை செயற்கைச் சினைப்படுத்தல் செய்தும் பயனில்லை. கன்று ஈன்ற நாளைப் பற்றிக் கேட்டேன். காலையிற் கன்று விழுந்தது; பொழுதுபட்ட பின்னும் இளங்கொடி விழவில்லை. அயலிலே கைதேர்ந்தவர் என்று பெயர்பெற்ற முதியவர் ஒருவர் வந்து, கையை விட்டு இளங்கொடியைப் பிய்த்து எடுத்தார். அன்றிரவு பசு நன்றாகத் தீன் தின்றது, எல்லாருக்கும் நிம்மதி. அதன்பின் இரண்டு கிழமைகளாகக் கெட்ட மணத்தோடு அழுக்கு வடிந்தது. பிறகு தானாகவே நின்றுவிட்டது. நின்றுவிட்டபடியால் மாறிவிட்டதென்று எண்ணினர்.

மிருக வைத்தியரை அழைத்துக் காட்டுமாறு சொன்னேன். அவர் சோதித்தபோது கருப்பையிலே சீழ் இருந்தது. மருந்து ஏற்றிய பின்பு, கன்று ஈன்ற ஏழாம் மாதத்திலே அப்பசு சினைப்பட்டது. வியாபாரிக்குக் கொடுக்கவிருந்த பசு இன்றும் அக்கொட்டிலில் நிற்கின்றது. ஆனால் இழந்த மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின் 365 நாட்களில் இதைக் கழிக்க மிஞ்சுவது 82 நாட்களே. அதற்குள் கருப்பை பழைய நிலைக்குச் சுருங்கி, சூலகம் மீண்டும் தொழிற்பட்டு, வேட்கை தோன்றிப் பசு சினைப்படுதல் வேண்டும். வேட்கை 21 நாட்களுக்கு ஒருமுறை வருவது. ஒருமுறை தவறினால் 21 நாட்களின் தீனும் உழைப்பும் வீண். மேற்கூறிய பசுவைப் போல 210ஆம் நாளிற் சினைப்படும் பசு, 493 நாட்களுக்கு ஒரு கன்று ஈனும். அஃதாவது பதினாறு மாதங்கள். அதிலே நெடுங்காலம் மடி வற்றியே இருக்கும்.

கருப்பை தன்னைத் தான் திருத்தும் விதம்

கன்று விழுந்தவுடன் பசுவின் கருப்பை ஏறக்குறைய 9 கிலோ நிறையுள்ள பெரிய பை. முப்பது நாட்களில் அது 1 கிலோ அளவுக்குக் குறுகிவிடுகின்றது. உடலின் வேறெந்த உறுப்பும் இத்தனை விரைவாகச் சிறுப்பதில்லை என்று சொல்லலாம். இவ்வாறு சுருங்கும்போது உள்ளே எஞ்சிய குருதி, நீர், அழிந்த தசைத்துணுக்குகள் ஆகியன வெளியே தள்ளப்படுகின்றன. இதுவே ஈற்றழுக்கு. முதல் இரண்டு நாட்களில் ஒன்றரை இலீற்றர் அளவு வெளிவரும். எட்டாம் நாளளவில் அரை இலீற்றராகக் குறையும். இரண்டு மூன்று கிழமைகளில் நின்றுவிடும். நிறம் செங்கபிலமாயிருக்கும், நாட்செல்ல வெளிறும். இதிலே அஞ்சுவதற்கு எதுவுமில்லை. மணம் மட்டுமே கவனித்தற்குரியது: இயல்பான ஈற்றழுக்கிற்குப் பச்சைக் குருதியின் மணமுண்டு, அழுகல் நாற்றம் இல்லை.

கருப்பையின் உட்சுவரிலே இளங்கொடி ஒட்டியிருந்த இடங்கள் யாவும் கன்று விழுந்தபின் தோலுரிந்த புண்களாகவே இருக்கின்றன. மேற்றோல் மீண்டும் மூடுவதற்கு ஏறக்குறைய 25 நாட்கள் செல்லும். அடிப்பகுதி முற்றாகச் செப்பமடைய ஆறு முதல் எட்டுக் கிழமை வேண்டும். ஆகவே ஒரு மாதகாலம் பசு தன் வயிற்றுக்குள் திறந்த புண்ணைச் சுமந்து நிற்கின்றது. அப்புண்ணிலே இளஞ்சூடும் ஈரமும் குருதியும் உண்டு. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை.

நுண்ணுயிர் புகாத கருப்பை இல்லை

இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகின்றனர். நுண்ணுயிர் புகுந்தாற் பசு நோய்ப்படும், புகாவிட்டால் நோயில்லை என்பது அவர்தம் எண்ணம். உண்மை அதுவன்று. கன்று ஈன்ற முதலிரு கிழமைகளிற் கருப்பையைச் சோதித்தால், நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பசுக்களில், சில ஆய்வுகளில் எல்லாப் பசுக்களிலுமே, பற்றீரியாக்கள் காணப்படுகின்றன. துப்புரவான கொட்டிலிலும் அப்படியே. வயலிலே களைவிதை இல்லாத மண் உண்டா? பயிர் செழித்து மூடிக்கொண்டால் களை அடங்கிப் போகின்றது. பயிர் நலிந்தாற் களை மேலோங்குகின்றது. பெரும்பாலான பசுக்கள் மூன்று நான்கு கிழமைகளில் இந்நுண்ணுயிர்களைத் தாமே அகற்றிவிடுகின்றன. அகற்ற இயலாத பசுவே நோயாளி.

கேடு விளைக்கும் பற்றீரியாக்கள் பலவாயினும், மூன்றை மாத்திரம் இங்கே கூறுவோம். முதலாவது எசரிக்கியா கோலை. இது சாணத்தில் எங்குமுள்ளது. கன்று ஈன்ற முதற் சில நாட்களிலே கருப்பையிற் பெருகுவது இதுவே. இரண்டாவது துருப்பெரெல்லா பயோசீனிசு. 2011ஆம் ஆண்டில் இப்பெயர் சூட்டப்படுமுன் இதற்கு வேறு பெயர்கள் வழங்கின. மாடுகளின் உடலிற் காணும் சீழ்க்கட்டிகளிற் பலவற்றுக்கு இதுவே காரணம். இது வெளியிடும் நஞ்சு கலங்களின் சுவரிலே துளையிட்டு அவற்றைக் கொல்லவல்லது. மேற்றோல் முழுதாக இருக்கும்வரை கருப்பை இதனை ஓரளவு தாங்கும். மேற்றோல் உரிந்த இடத்தில் அடிக்கலங்கள் எளிதில் அழிகின்றன. மூன்றாவது பியூசோபற்றீரியம். காற்றுப்படாத இடத்தில் வளர்வது. சேற்றிலே நிற்கும் மாடுகளின் குளம்பை அழுகச் செய்யும் அதே இனம். அழுகிய குளம்பின் நாற்றத்தை அறிந்தவர், கருப்பை நோயின் நாற்றத்தையும் அறிவர்.

இவை தனித்தனியே வருவனவல்ல. முதலில் எசரிக்கியா வந்து வழியைத் திறந்து வைக்க, மற்றையவை பின்தொடர்ந்து ஒன்றுக்கொன்று துணையாகின்றன. அண்மைக்கால ஆய்வுகள் வேறொன்றையும் காட்டியுள்ளன. நலமான பசுவின் கருப்பையிலே பலவகைப் பற்றீரியாக்கள் கலந்து வாழ்கின்றன. நோய்ப்பட்ட பசுவிலோ அவ்வகைகள் குறைந்து, மேற்கூறியவை போன்ற சிலவே மிகுந்து விடுகின்றன. இவை யோனி வழியாக வெளியிலிருந்து புகுவன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2017ஆம் ஆண்டிலே புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் பிறரும் வெளியிட்ட ஆய்வொன்று, குடலிலுள்ள சில பற்றீரியாக்கள் குருதி வழியாகவும் கருப்பையை அடையக்கூடும் எனக் காட்டியது. ஆதலால் கொட்டிலைக் கழுவுவது மாத்திரம் போதாது. பசுவின் தீனையும் கவனித்தல் வேண்டும்.

மேனாட்டுப் பாற்பண்ணைகளிலே கன்று ஈன்ற முதற் கிழமையளவிற் கருப்பை அழற்சி காணும் பசுக்கள் நூற்றுக்கு 40 வரை இருக்கக்கூடும் என்பர். மூன்று கிழமைக்குப் பின்னும் சீழ் நீங்காதவை 15 முதல் 20. அவை பேரளவு பால் சுரக்கும் பசுக்கள். நம் நாட்டுச் சிறு பசுக்களை அவற்றோடு ஒப்பிடல் பொருந்தாது. ஆயினும் ஜேர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்களை வாங்கி வளர்ப்போர், பாலோடு இத்தொல்லையிலும் ஒரு பங்கு தமக்கு வந்ததாகவே எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

எப்பசு தோற்கின்றது?

கருப்பையைத் துப்புரவு செய்யும் வேலையாட்கள் குருதியிலுள்ள வெண்கலங்கள். அவை நுண்ணுயிர்களை விழுங்கி அழிக்கின்றன; இளங்கொடியைச் சுவரினின்று கழற்றி விடுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. இவ்வேலையாட்களுக்கும் உணவு வேண்டுமன்றோ? கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னுமான சில கிழமைகளிலே பசு குறைவாகத் தின்கின்றது. பாலுக்கோ மிகுதியாகச் செலவிடுகின்றது. அப்போது வெண்கலங்களின் வலிமை குன்றுகின்றது. கல்சியம் குறைந்த பசுவிலே கருப்பைத் தசையும் நன்றாகச் சுருங்காது. விற்றமின் ஈ, செலேனியம் ஆகியன குறைந்தால் இளங்கொடி தங்குதல் மிகும்.

நம்மவர் செய்யும் தவறு யாதெனில், பால் வற்றிய சினைப்பசுவைப் பயனற்ற காலத்திலே நிற்கும் பசுவாகக் கருதி, வெறும் வைக்கோலோடு விட்டுவிடுவதாகும். வைக்கோல் வயிற்றை நிரப்பும். புரதமும் விற்றமினும் அதிலே மிகக் குறைவு. கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்களிலே நாள்தோறும் பச்சைத்தீன் கொடுத்தல் வேண்டும். கினிப்புல், நேப்பியர்ப்புல் இல்லாதவர்கள் வேலியிலுள்ள கிளிசிரிடியா, பூவரசு, முருங்கைக் குழைகளை வெட்டிப் போடலாம். தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் அளவோடு கொடுப்பதோடு, தாதுப்பொருட் கலவையும் சேர்த்தல் நன்று. அளவோடு என்றதற்குக் காரணமுண்டு: மிகக் கொழுத்த பசுவும் கன்று ஈன்றபின் தீனை வெறுத்து நோய்ப்படும். விலா எலும்புகள் துருத்தி நிற்கவும் கூடாது. கொழுப்பிலே மறைந்து போகவும் கூடாது.

ஈனும் இடம் இரண்டாவது காரணம். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போக மாரியிலே, கார்த்திகை மார்கழி மாதங்களிற் கன்று ஈனும் பசு, சேறும் சாணமும் கலந்த நிலத்திலே படுக்க நேர்கின்றது. நெல் விதைத்த அலுவலிற் கொட்டிலைக் கவனிக்க நேரமிராது என்பதை அறிவேன். ஆயினும் நாட்கள் நெருங்கும்போது மேடான ஓரிடத்தைத் துப்புரவாக்கி, உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் மாற்றிவிடுதல் பெரிய வேலையன்று.

மூன்றாவது காரணம், பொறுமையின்மை. பன்னீர்க்குடம் தோன்றியபின் இரண்டு மணித்தியாலம் வரை முன்னேற்றம் காணாவிடில் மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். அதற்கு முன் கன்றின் கால்களிற் கயிறு கட்டி நாலுபேர் இழுப்பது கருப்பை வாயையும் யோனியையும் கிழிக்கும். கிழிந்த வழி நுண்ணுயிர்க்குத் திறந்த கதவு. கையிட நேர்ந்தால், நகத்தை வெட்டி, முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவி, பசுவின் பின்புறத்தையும் கழுவிய பின்னரே தொடுதல் வேண்டும். பசுவின் பின்பக்கத்தைக் கழுவாமல் தம் கையை மாத்திரம் கழுவுவோர் பலர். சாணம் அங்கேதான் இருக்கின்றது.

இளங்கொடி

இளங்கொடி கருப்பையோடு ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதன்று. எழுபது முதல் நூற்றிருபது வரையான குமிழ்களிலே, கையுறைக்குள் விரல்கள் புகுந்தாற்போலத் தாயின் தசையும் கன்றின் தசையும் கோத்துக் கிடக்கின்றன. இவை தளர்ந்து கழன்றால் இளங்கொடி தானாக விழும். பெரும்பாலான பசுக்களிற் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் விழுந்துவிடும். இருபத்து நான்கு மணித்தியாலம் கடந்தும் விழாவிடில் அது தங்கிய இளங்கொடி எனக் கொள்க.

அதனைக் கையால் உரித்தெடுப்பது ஆகாது. குமிழ்கள் தளருமுன் பிய்த்தால் தாயின் தசை கிழிகின்றது, குருதி பெருகுகின்றது, துணுக்குகள் உள்ளே தங்குகின்றன, பிய்த்தவரின் கையோடு சென்ற நுண்ணுயிர்கள் புதிய புண்ணிலே குடியேறுகின்றன. முழுவதும் வந்துவிட்டது போலக் காண்போருக்குத் தோன்றும். கேடு பிறகே தெரியும். முற்காலத்திலே படித்த மிருக வைத்தியரும் இதைச் செய்து வந்தனர் என்பது உண்மையே. பிந்திய ஆய்வுகள், உரித்தெடுத்த பசுக்கள் தாமாக விழவிட்ட பசுக்களினும் நன்றாக இருக்கவில்லை எனக் காட்டியமையால் அவ்வழக்கம் இன்று ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. தொங்கும் இளங்கொடியிற் கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டிவிடும் வழக்கமும் அவ்வாறே விலக்கத்தக்கது. சில ஊர்களில் மூங்கிலிலை தின்னக் கொடுப்பர். அதனால் இளங்கொடி விழும் என்று நம்பி மூன்று நாள் காத்திருப்பதே தீது.

தொங்கும் பகுதி நிலத்திலே புரண்டு சேற்றை உள்ளே கொண்டுசெல்லாதவாறு, கணுக்காலுக்கு மேலே வருமளவில் துப்புரவான கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். பின்பு பசுவின் பாட்டுக்கு விட்டு, நாள்தோறும் காய்ச்சலைப் பார்த்து வருக. காய்ச்சலின்றித் தீன் தின்னும் பசுவில், இளங்கொடி அழுகித் தளர்ந்து, ஒரு கிழமை பத்து நாளில் தானே விழும். நாற்றம் பொறுக்க முடியாததுதான், பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் இப்பசு நோய்ப்படும் வாய்ப்பு மிகுதியானபடியால், மிருக வைத்தியருக்கு அறிவித்தே வைத்திருத்தல் வேண்டும்.

விழுந்த இளங்கொடியை உமலிலே கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம்மவரின் பழைய வழக்கம். நாய் தின்னாமற் காப்பதே அதன் பயன் எனில் அது நல்ல நோக்கமே. இளங்கொடியைத் தின்ற நாயின் வழியாகப் பசுக்களிற் கருச்சிதைவை உண்டாக்கும் நுண்ணுயிரொன்று பரவுவது இன்று அறியப்பட்டுள்ளது. ஆனால் உமலைக் காகம் கிழிக்கின்றது. நீர் கீழே சொட்டுகின்றது. கிணற்றுக்கு அப்பால் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்துச் சுண்ணாம்பு தூவுவதே மேலானது. மரத்திலே கட்டாவிடிற் பால் குறையும் என்று அஞ்சும் பெரியோர் வீட்டில் இருந்தால், அம்மரத்தின் அடியிலேயே புதைக்கலாம். யாருக்கும் மனக்குறை இராது.

கருச்சிதைந்து, முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்குப் பின் சிதைந்து, இளங்கொடியும் தங்கினால், அது புரூசெல்லா நோயாக இருக்கலாம். அந்நோய் மனிதருக்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் உண்டாக்கும். அத்தகைய பசுவின் அழுக்கையும் இளங்கொடியையும் வெறுங்கையாலே தொடலாகாது. கையுறை இல்லாவிடிற் பொலித்தீன் பையையேனும் கையில் மாட்டிக்கொள்க. கருவுற்ற பெண்கள் அருகே செல்லலாகாது. பாலை எப்பொழுதும் நன்றாகக் கொதிக்க வைத்தே குடித்தல் வேண்டும். சிதைந்த கன்றைப் புதைக்குமுன் மிருக வைத்தியருக்கு அறிவிப்பின், சோதனைக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொள்வார்.

நாட்களை எண்ணிப் பார்த்தல்

முதற் பத்து நாட்களிலே நாளுக்கு ஒருமுறை பசுவின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். நீர்போன்று, செங்கபில நிறமாய், அழுகல் நாற்றத்தோடு அழுக்கு வடிந்தால் அது கருப்பை அழற்சி. அத்துடன் பசு தீனை விட்டு, பால் குறைந்து, கண்கள் குழிந்து சோர்ந்து நின்றால் உயிருக்கும் ஆபத்துண்டு. அன்றே வைத்தியர் வரவேண்டும். வெப்பமானி ஒன்றை வீட்டிலே வைத்திருப்பது பெருஞ்செலவன்று. குதத்திலே ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தாற் பசுவின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38.6 பாகை சதமம், அதாவது 101.5 பாகை பரனைற்று இருக்கும். 39.5 பாகை சதமம், அதாவது 103 பாகை பரனைற்று அளவை எட்டினாற் காய்ச்சல். காலையிற் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் நின்ற பசுவின் வெப்பம் நோயின்றியும் உயரும். காய்ச்சல் இல்லையென்பதால் நோயில்லை என்றும் எண்ணற்க. நாறும் அழுக்கோடு, காய்ச்சலின்றியே நோய்ப்படும் பசுக்கள் பல. வெப்பமானியினும் மூக்கு நல்ல கருவி.

மூன்று கிழமைக்குப் பின் நாற்றம் குறைந்துவிடும், இங்கேதான் ஏமாறுகின்றோம். சீழ் சிறிதளவே உள்ளே தங்கி, பசு படுத்திருக்கும்போது மாத்திரம் வெளியே வழியும். ஆதலாற் காலையிலே பசு எழும்பியவுடன் அது படுத்த இடத்தைப் பார்த்தல் வேண்டும். வெண்மையாகவோ மஞ்சளாகவோ தயிர்த்துளிபோன்ற ஒன்று நிலத்திற் கிடந்தாலும், வாலின் அடியிலே காய்ந்து ஒட்டியிருந்தாலும் அது சீழ். வேட்கைக் காலத்திலே வரும் வழும்பையும் உற்றுநோக்குக. நலமான பசுவின் வழும்பு முட்டை வெண்கருவைப் போலத் தெளிந்து, கயிறுபோல் நீண்டு தொங்கும். அதிலே வெண்ணிறத் துணுக்குகள் மிதந்தாற் கருப்பை இன்னும் துப்புரவாகவில்லை. அந்த வேட்கையிற் சினைப்படுத்துவது வீண். சினைப்படுத்த வருபவரிடம் வழும்பைக் காட்டி, வைத்தியரின் சோதனைக்கு ஒழுங்கு செய்க.

வெளியே எக்குறியும் காட்டாத மறைந்த அழற்சியும் உண்டு. கருப்பைச் சுவரினின்று எடுத்த கலங்களை நுணுக்குக்காட்டியிற் பார்த்தே அதனை அறியலாம். மூன்றுமுறை சினைப்படுத்தியும் பற்றாத பசுவை நான்காம் முறைக்குக் கொண்டுபோகுமுன் சோதிப்பிக்க வேண்டும் என்பது இதனாலேயே. சீழ் கருவைத் தங்கவிடாததோடு நில்லாது. எசரிக்கியாவின் உடற்சுவரிலுள்ள நஞ்சு சூலகத்தையும் தாக்குகின்றது. சூல்பை மெதுவாக வளர்கின்றது, வேட்கை பிந்துகின்றது. சீழ் மாறிய பின்னும் சில காலம் சினைப்படுதல் குறைவாயிருப்பது அதன் விளைவே. பசுவைக் குறைகூறாது ஓரிரு வேட்கைகள் பொறுத்திருக்க.

மருந்து பற்றி

மருந்தைத் தேர்ந்தெடுப்பது மிருக வைத்தியரின் பொறுப்பு. விவசாயப் போதனாசிரியனாகிய என் பொறுப்புமன்று, கடைக்காரரின் பொறுப்புமன்று. முதற் கிழமைகளில் வரும் கடும் அழற்சிக்கு நுண்ணுயிர்கொல்லி ஊசிமருந்து ஏற்றப்படும். பிந்திய சீழ்நோய்க்குக் கருப்பைக்குள்ளே மருந்திடுவதும், வேட்கையை வருவித்துச் சீழை வெளியேற்றும் புரோசுத்தாக்கிளாந்தின் ஊசி போடுவதும் உண்டு. பின்னதைச் சினைப்பசுவுக்குப் போட்டாற் கரு சிதையும். ஆகையால் கைவைத்தியத்துக்கு உரியதன்று. அது தோல்வழியே உடலுட் செல்லவல்லது. கருவுற்ற பெண்கள் அம்மருந்தைத் தொடவும் கூடாது.

கொண்டிசுத் தூளைக் கரைத்தோ, அயடீனைக் கலந்தோ கருப்பைக்குள் ஊற்றிக் கழுவுவது முன்னொரு காலத்து முறை. அக்கரைசல்கள் நுண்ணுயிரைக் கொல்வதோடு புதிதாக முளைக்கும் மேற்றோலையும் எரிக்கின்றன. சென்றமுறை மிஞ்சிய ஊசிமருந்தை இம்முறை அரைகுறையாக ஏற்றுவதும் தவறு. பற்றீரியா சாகாது அம்மருந்துக்குப் பழகிவிடும். பின்பு உண்மையாகத் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது.

மருந்து ஏற்றிய பசுவின் பாலை வைத்தியர் கூறும் நாட்கள் வரை விற்கவும் குடிக்கவும் கூடாது. அப்பாலிலே தயிர் உறையாமற் போவதைக் கண்டிருப்பீர்கள். உறை போடும் நுண்ணுயிரையும் மருந்து கொன்றுவிடுகின்றது. பால் சேகரிக்கும் நிலையத்தில் ஒருவர் ஊற்றிய மருந்துப்பால், ஊரார் எல்லாருடைய பாலையும் கெடுக்கும். அத்தனை நாட்களும் பாலைக் கறந்து கொட்டுவது மனத்துக்கு நோவு தருவதே. அதற்கும் சேர்த்துத்தான் முதலிலேயே உலர்ந்த வைக்கோல் பரப்பச் சொன்னோம்.

கொட்டிற் சுவரிலே கரித்துண்டாலாவது, வீட்டுக் கலண்டரிலாவது நான்கு குறிப்புகளை எழுதி வைக்க: கன்று ஈன்ற நாளும் நேரமும், இளங்கொடி விழுந்த நேரம், ஈற்றழுக்கு நின்ற நாள், முதல் வேட்கை கண்ட நாள். முதல் வேட்கை ஒரு மாதத்துக்குள் வந்தாலும் அதிற் சினைப்படுத்தற்க. குறித்துக்கொண்டு, அறுபதாம் நாளுக்குப் பின் வரும் வேட்கைக்கு ஆயத்தமாயிருக்க. காலையில் வேட்கை கண்டாற் பின்னேரமும், பின்னேரம் கண்டால் மறுநாட் காலையும் சினைப்படுத்த ஏற்ற வேளை. அறுபது நாட்களாகியும் வேட்கை ஒன்றேனும் காணாவிடில், அக்குறிப்புகளோடு உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்துக்குச் செல்க. "பசு சினைப்படவில்லை" என்று மாத்திரம் சொன்னால் வைத்தியர் இருட்டிலே தேடுவார். எந்நாளில் ஈன்றது, இளங்கொடி எத்தனை மணித்தியாலம் தங்கியது, யாரேனும் கையிட்டனரா என்பவற்றை ஒளிக்காது சொன்னால், பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.